ஆய்வகக் கைனேஸ் புரதம்: மருந்தை அளக்கும் கருவி, மருந்தன்று

2025 செப்டம்பர் 3 அன்று கூடிய சரக்கு மற்றும் சேவை வரி மன்றம், 33 உயிர்காக்கும் மருந்துகளின் மீதிருந்த 12 விழுக்காடு வரியை முற்றிலும் நீக்கியது. செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த அப்பட்டியலில் அசிமினிப், அலெக்டினிப், என்ட்ரெக்டினிப் என்னும் மூன்று பெயர்கள் உள்ளன. முதலாவது ஒருவகை இரத்தப் புற்றுநோய்க்கும், இரண்டாவது ஒருவகை நுரையீரல் புற்றுநோய்க்கும், மூன்றாவது குறிப்பிட்ட சில மரபணு இணைவுகளைக் கொண்ட கட்டிகளுக்கும் தரப்படுபவை. மூன்று பெயர்களும் ‘நிப்’ என்று முடிவது தற்செயலன்று. உடலிலுள்ள ‘கைனேஸ்’ நொதிகளின் செயலைத் தடுக்கும் மருந்துகளுக்கு உலகெங்கும் வழங்கப்படும் விகுதி அது.

இத்தகைய செய்திகளுடன் இன்னொரு வகைச் செய்தியும் மக்களை அடிக்கடி எட்டுகிறது. இன்ன மூலிகையின் சாறு, இன்ன காய்கறியிலுள்ள பொருள், புற்றுநோயை உண்டாக்கும் கைனேஸைத் தடுப்பதாக ஆய்வகத்தில் கண்டறியப்பட்டுள்ளது என்பது அச்செய்தி. கைப்பேசியில் வந்த அத்தகைய செய்தியைக் காட்டி, மாத்திரையை நிறுத்திவிட்டு அந்தச் சாற்றைப் பருகலாமா என்று கேட்கும் நோயாளிகளை அரசு மருத்துவமனைகளின் புறநோயாளர் பிரிவில் காண்பது அரிதன்று. கேட்பவர்களால் கேடில்லை. கேட்காமலேயே நிறுத்திவிடுபவர்களைப் பற்றித்தான் கவலை.

வரிவிலக்குப் பெற்ற மருந்தும் மூலிகைச் செய்தியும் பெரும்பாலும் ஒரே பொருளைக் கொண்டு செய்யப்பட்ட சோதனையில் தொடங்குகின்றன. அப்பொருள், ஆய்வகத்தில் ஆக்கப்படும் மறுசேர்க்கை மனிதக் கைனேஸ் புரதம். அது எதைச் சொல்ல வல்லது, எதைச் சொல்ல வல்லதன்று என்பது விளங்கினால், இவ்விரு செய்திகளுக்கும் இடையிலுள்ள தொலைவும் விளங்கும்.

கைனேஸ் என்பது யாது?

உயிரணுவின் உள்ளே ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து, வேறொரு புரதத்தின் மீது பொருத்துவதே புரதக் கைனேஸ்களின் வேலை. பாஸ்பேட் ஏறியதும் அப்புரதத்தின் வடிவமும் நடத்தையும் மாறுகின்றன. உறங்கிக் கிடந்தது செயல்படத் தொடங்கும். செயல்பட்டுக் கொண்டிருந்தது ஓயும். வளர்க, பிளவுறுக, நிற்க, மடிக என்று உயிரணுவுக்குச் செல்லும் கட்டளைகளில் பெரும்பகுதி இவ்வாறுதான் கைமாறிச் செல்கிறது. புரதங்களின் மீது பாஸ்பேட் ஏறுவதும் இறங்குவதும் ஒரு கட்டுப்பாட்டு முறை என்பதைக் கண்டறிந்த எட்மண்ட் ஃபிஷர், எட்வின் கிரெப்ஸ் இருவருக்கும் 1992-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. மனித மரபணுத் தொகுதியில் 500-க்கும் மேற்பட்ட புரதக் கைனேஸ்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று ஓயாமல் இயங்கத் தொடங்கினால், நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காத உயிரணுக்கள் உண்டாகின்றன. பல புற்றுநோய்களின் தொடக்கம் இதுவே.

பெயர்க் குழப்பம் ஒன்றை இங்கேயே தீர்த்துவிடுவது நல்லது. மாரடைப்பின்போது இரத்தக் கட்டியைக் கரைக்கச் செலுத்தப்படும் ஸ்ட்ரெப்டோகைனேஸ், பெயரில் கைனேஸ் என்றிருந்தாலும் மேற்சொன்ன பொருளில் கைனேஸ் அன்று. அது ஒரு நுண்ணுயிரி சுரக்கும் புரதம். எதன் மீதும் பாஸ்பேட்டைப் பொருத்துவதில்லை. நம் இரத்தத்திலேயே உள்ள கட்டி கரைக்கும் அமைப்பைத் தூண்டிவிடுகிறது. தூண்டுவது என்ற பழைய பொருளில் இடப்பட்ட பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. மாரடைப்பு ஐயத்தில் செய்யப்படும் இரத்தப் பரிசோதனையில் காணும் கிரியேட்டின் கைனேஸ் உண்மையான கைனேஸ்தான். ஆனால் அது கிரியேட்டின் என்னும் சிறு மூலக்கூறின் மீது வேலை செய்வது. புற்றுநோய் மருந்துகளின் இலக்கான புரதக் கைனேஸ்களோடு அதைச் சேர்த்து எண்ணலாகாது.

புரதம் எவ்வாறு ஆக்கப்படுகிறது?

மனித உயிரணுவில் ஒரு கைனேஸ் மிகச் சிறிய அளவிலேயே இருக்கும். ஆயிரக்கணக்கான வேறு புரதங்களுக்கிடையிலிருந்து அதை மட்டும் பிரித்தெடுப்பது கடினம். ஆகவே அதற்குரிய மனித மரபணுவை, எளிதில் பெருகும் வேறோர் உயிரின் உயிரணுவுக்குள் செலுத்தி, அவ்வுயிரணுவைக் கொண்டே புரதத்தை ஆக்குகிறார்கள். இரு வேறு உயிர்களின் மரபுப்பொருள் சேர்க்கப்படுவதால் இது மறுசேர்க்கை எனப்படுகிறது.

ஈ.கோலி நுண்ணுயிரி மலிவானது, விரைவாகப் பெருகுவது. ஆனால் கைனேஸ்களைப் பொறுத்தவரை அது எப்போதும் இணங்குவதில்லை. பின்னர் விரிவாகக் காணவிருக்கும் ஏபிஎல் கைனேஸ் நுண்ணுயிரியின் சொந்தப் புரதங்களின் மீதே பாஸ்பேட்டைப் பொருத்தி அதை நலிவடையச் செய்துவிடும். இதற்கு 2005-இல் வெளியான ஒரு வழிமுறை அழகானது. எர்சினியா என்னும் நுண்ணுயிரி இனத்திலிருந்து (பிளேக் நோயை உண்டாக்குவதும் இவ்வினமே) பாஸ்பேட்டை அகற்றும் நொதி ஒன்றையும் ஈ.கோலிக்குள் சேர்த்தே செலுத்தினார்கள். ஒன்று பொருத்தப் பொருத்த மற்றொன்று அகற்றிக்கொண்டே வர, நுண்ணுயிரி பிழைத்தது, புரதமும் கிடைத்தது.

நுண்ணுயிரி இணங்காத இடங்களில் பூச்சியின் உயிரணுக்கள் பயன்படுகின்றன. ஆய்வகங்களில் பரவலாகப் பயன்படும் எஸ்எஃப்-9 என்னும் உயிரணு வரிசை, படைப்புழுவின் கூட்டுப்புழுப் பருவத்துச் சூலகத் திசுவிலிருந்து பெறப்பட்டது. 2018-இல் கர்நாடகத்தில் முதலில் கண்டறியப்பட்டு, தமிழ்நாட்டு மக்காச்சோள வயல்களிலும் பெருஞ்சேதம் விளைவித்த அதே படைப்புழுதான். பூச்சிகளைத் தாக்கும் பாகுலோ வைரஸ் ஒன்றில் மனித மரபணுவை ஏற்றி, அதைக் கொண்டு இவ்வுயிரணுக்களுக்குள் செலுத்துகிறார்கள்.

உண்டான புரதத்தைப் பிரித்தெடுக்க அதன் முனையில் ஓர் அடையாள வால் இணைக்கப்படுகிறது. ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் ஆறு அடுத்தடுத்து அமைந்த வால், நிக்கல் பூசிய நுண்மணிகளில் ஒட்டிக்கொள்ளும், மற்றவை கழுவப்பட்டுவிடும். குளுட்டாதயோன் எஸ்-டிரான்ஸ்ஃபெரேஸ் என்னும் மற்றொரு வாலும் உண்டு. அதன் சுருக்கப்பெயர் ஜிஎஸ்டி; தொடக்கத்தில் சொன்ன வரிக்கும் அதற்கும் தொடர்பில்லை. இறுதியில் மைக்ரோகிராம் கணக்கில், சிறு குப்பியில், கடுங்குளிரில் உறைய வைக்கப்பட்டு, ‘ஆய்வுப் பயன்பாட்டிற்கு மட்டும்’ என்ற குறிப்போடு அது ஆய்வகங்களுக்குச் செல்கிறது.

பல குப்பிகளில் இருப்பது முழுப் புரதம்கூட அன்று. பாஸ்பேட்டைப் பொருத்தும் பகுதி மட்டும் வெட்டியெடுக்கப்பட்டிருக்கும். உயிரணுவில் அப்பகுதியைக் கட்டுப்படுத்தும் மற்ற பகுதிகளும், சூழ்ந்து நிற்கும் துணைப் புரதங்களும் அங்கே இல்லை.

ஏபிஎல்: ஒரு கைனேஸின் வரலாறு

நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயாளிகளின் உயிரணுக்களில் இயல்புக்கு மாறாகக் குறுகிய ஒரு குரோமோசோம் இருப்பதை 1960-இல் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு ஆகியோர் கண்டனர். 9ஆம் குரோமோசோமின் துண்டும் 22ஆம் குரோமோசோமின் துண்டும் இடம் மாறியதன் விளைவே அது என்று 1973-இல் சிகாகோவில் ஜேனட் ரௌலி காட்டினார். இவ்விடமாற்றத்தால் இரு மரபணுக்கள் ஒட்டி, ஏபிஎல் கைனேஸ் தன் கட்டுப்பாட்டை இழந்த ஓர் இணைவுப் புரதமாகிறது. ஒரே கைனேஸ், ஒரே நோய் என்று இத்தனை தெளிவாக அமைவது புற்றுநோயில் அபூர்வம்.

பேசல் நகரில் அன்றைய சிபா-கெய்கி நிறுவனத்தில் நிக்கோலஸ் லைடன் குழுவினர் கைனேஸ் தடுப்பான்களைத் தேடினர். அவர்களுக்குக் கிடைத்த முதல் மூலக்கூறு வேறொரு கைனேஸைத் தடுப்பதற்காகத் தேடியபோது அகப்பட்டது. ஒற்றை மெத்தில் குழுவைச் சேர்த்ததும் அந்த வேறு கைனேஸின் மீதான பிடி விட்டுப்போய், ஏபிஎல் மீதான பிடி நின்றது. இத்தகைய நுணுக்கத்தைக் குழாயில் தனித்தனியே வைக்கப்பட்ட தூய புரதங்கள் இல்லாமல் அறிந்திருக்க முடியாது. ஆய்வகக் கைனேஸின் உண்மையான பயன் இதுவே: இந்த மூலக்கூறு எதைப் பிடிக்கிறது, எதைப் பிடிக்கவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்க்க அது இடம் தருகிறது. மருந்தும் கைனேஸும் ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும் வடிவத்தைப் படிகமாக்கிப் பார்க்கவும் அதுவே உதவியது. 2000-இல் ஜான் குரியன் குழுவினர் அவ்வடிவத்தை வெளியிட்டனர்.

ஆனால் அதே மூலக்கூறு நாய்களுக்குத் தரப்பட்டபோது கல்லீரல் பாதிப்புத் தென்பட்டு, திட்டமே தடைப்படும் நிலை ஏற்பட்டது. குழாயிலிருந்த புரதத்துக்குக் கல்லீரல் கிடையாது. அது இதைச் சொல்லியிருக்க வழியில்லை. ஆரிகான் மாநில மருத்துவர் பிரையன் டிரக்கர் விடாது வலியுறுத்தியதால், 1998 ஜூன் மாதத்தில் மனிதர்களிடம் பரிசோதனை தொடங்கியது. நாளொன்றுக்கு 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ பெற்ற 54 நோயாளிகளில் 53 பேரின் இரத்த அணு எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பியது. 2001 மே மாதம் இமாடினிப் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பத்தாண்டுக்கும் மேலான தொடர் கண்காணிப்பில், இமாடினிப்பில் தொடங்கிய நோயாளிகளின் பத்தாண்டு உயிர்வாழ்வு வீதம் 83.3 விழுக்காடாக மதிப்பிடப்பட்டது. முன்னர் சில ஆண்டுகளில் உயிரைப் பறித்த நோய், நாள்தோறும் மாத்திரை உட்கொண்டு வாழும் நிலைக்கு வந்தது.

குழாயில் தடுத்தது, உடலில் தடுக்குமா?

ஆய்வகத்தில் கைனேஸோடு ஏடிபியையும், பாஸ்பேட்டை ஏற்கவேண்டிய சிறு புரதத் துண்டையும், சோதிக்கப்படும் பொருளையும் கலந்து, எவ்வளவு பாஸ்பேட் ஏறியது என்று அளக்கிறார்கள். கைனேஸின் செயலைப் பாதியாகக் குறைக்க எவ்வளவு பொருள் தேவைப்பட்டதோ, அதுவே செய்தியில் வரும் எண். இந்த எண்ணைத் திரிக்கக் கூடியவை பல. அவற்றுள் இரண்டு மிகவும் பொருட்படுத்தத் தக்கவை.

முதலாவது ஏடிபியின் அளவு. பெரும்பாலான கைனேஸ் தடுப்பான்கள் ஏடிபி அமரும் அதே குழியில் தாமும் அமர முயல்பவை. ஏடிபி குறைவாக இருந்தால் குழி எளிதில் கிடைக்கும். ஆய்வகத்தில் ஏடிபி பெரும்பாலும் லிட்டருக்குச் சில பத்து மைக்ரோமோல் அளவிலேயே சேர்க்கப்படுகிறது. உயிரணுவுக்குள்ளோ அது ஆயிரக்கணக்கான மைக்ரோமோல். கூட்டமில்லாத பேருந்தில் இருக்கை பிடித்தவர் திருவிழாக் கூட்டத்திலும் பிடிப்பார் என்று எண்ண இயலாது. குழாயில் வலுவாகத் தெரிந்த பொருள் உயிரணுவில் அறவே வலுவிழந்து போவதற்கு இதுவே முதற்காரணம்.

இரண்டாவது காரணம் சற்று வியப்பானது. சில பொருள்கள் நீரில் சரியாகக் கரையாமல் நுண்ணிய திரள்களாகின்றன. அத்திரள்கள் எதிர்ப்படும் நொதியைத் தம்மீது ஒட்டவைத்துச் செயலிழக்கச் செய்யும். எந்த நொதி என்ற வேறுபாடே அவற்றுக்கில்லை. பார்ப்பவர்க்கு இது கைனேஸைத் தடுத்ததுபோலத் தோன்றும். சிறிதளவு சலவைப்பொருள் சேர்த்தால் திரள் உடைந்து, தடுப்பும் மறைந்துவிடும். பிரையன் ஷோய்செட் குழுவினர் விளக்கிக் காட்டிய இவ்வுண்மை இரு பத்தாண்டுகளுக்கு மேலாகத் தெரிந்ததே. வெங்காயத்தில் மிகுந்துள்ள குவெர்செட்டின் இவ்வாறு திரளும் பொருள்களுள் ஒன்று. சலவைப்பொருள் சேர்த்தும் சோதிக்கப்பட்டதா என்ற ஒரே கேள்வியில் பல தலைப்புச் செய்திகள் கலைந்துவிடும் என்பது என் எண்ணம்.

மஞ்சளிலுள்ள குர்குமின் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. பல கைனேஸ்களையும் வேறு பல நொதிகளையும் அது தடுப்பதாக ஆய்வகக் கட்டுரைகள் ஏராளமாக வெளிவந்துள்ளன. 2017-இல் மருந்து வேதியியல் இதழொன்றில் வந்த விரிவான மீளாய்வு, குர்குமின் நிலையற்றது, உடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுவது, ஆய்வகச் சோதனைகளில் பொய்யான விளைவைக் காட்டும் இயல்புடையது என்று காட்டியது. அதுவரை நடந்த 120-க்கும் மேற்பட்ட மருத்துவப் பரிசோதனைகளில், இருபுறமும் மறைத்து, போலி மாத்திரையோடு ஒப்பிட்டுச் செய்யப்பட்ட எதுவும் வெற்றி காணவில்லை என்பதும் அதன் முடிவு. மஞ்சளை உணவில் சேர்ப்பதற்கு இதனால் தடையேதும் இல்லை. குழம்பில் இடும் மஞ்சளில் குர்குமின் சுமார் 3 விழுக்காடே. செறிவூட்டிய குர்குமின் மாத்திரைகள் வேறு கதை.

தாவரங்களில் மருந்தில்லை என்பது இதன் பொருளாகாது. நம் ஊர்களில் வீட்டு முற்றத்திலும், தமிழ்நாட்டின் வறண்ட நிலங்களில் பயிராகவும் வளரும் நித்தியகல்யாணியிலிருந்தே வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்னும் இரு புற்றுநோய் மருந்துகள் கிடைத்தன. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் வின்கிரிஸ்டின் இன்றும் இன்றியமையாதது. ஆனால் அதன் வரலாறு கவனிக்கத்தக்கது. சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று 1950-களில் கனடாவில் எலிகளுக்கு அச்செடியின் சாற்றைச் செலுத்தியபோது, வெள்ளணுக்கள் குறைந்து எலிகள் தொற்றுக்குள்ளாயின. உயிருள்ள உடலில் தெரிந்த விளைவிலிருந்தே தேடல் தொடங்கியது. பின்னர் தூய மூலக்கூறு பிரிக்கப்பட்டு, அளவு வரையறுக்கப்பட்டு, நோயாளிகளிடம் சோதிக்கப்பட்ட பிறகே மருந்தானது. நித்தியகல்யாணி இலையை அரைத்துக் குடிப்பது நஞ்சாகலாம்.

பொய்யான நம்பிக்கை மூலிகைச் செய்திகளில் மட்டும் பிறப்பதன்று. நூற்றுக்கணக்கான மறுசேர்க்கைக் கைனேஸ்களை வரிசையாக வைத்து ஒரு மருந்தைச் சோதிக்கும் முறை இன்று உண்டு. அத்தகைய சோதனைகள் வழக்கமாகிவிட்ட காலத்தில் வந்த பொனாடினிப், 2012 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. தமனிகளில் இரத்தக் கட்டிகள் உண்டானதால் 2013 அக்டோபரில் அதன் விற்பனை அங்கு நிறுத்தி வைக்கப்பட்டு, பின்னர் கடும் கட்டுப்பாடுகளோடு மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இரத்தக் குழாயில் நிகழவிருப்பதைக் குழாயிலிருந்த புரதம் முன்னறிவிக்கவில்லை.

உச்ச நீதிமன்றம் கேட்ட அதே கேள்வி

ஆய்வகத்தில் காணும் மாற்றம் நோயாளியின் உடலில் பயனாகுமா என்ற கேள்வியை நம் நாட்டின் உச்ச நீதிமன்றமும் எழுப்பியது. இமாடினிப்பின் ஒரு குறிப்பிட்ட படிக வடிவத்துக்குக் காப்புரிமை கோரி நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998 ஜூலையில் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. 2006 ஜனவரியில் அவ்வலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. காப்புரிமைச் சட்டத்தின் 3(ஈ) பிரிவு செல்லாது என்ற வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் இறுதித் தீர்ப்பளித்து, காப்புரிமையை மறுத்தது.

மாதத்திற்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய்க்கு விற்ற மருந்தின் பொதுப்பெயர் வடிவம் மாதத்திற்குச் சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய்க்கு இந்திய நிறுவனங்களிடம் கிடைத்தது என்ற விலை வேறுபாடே அன்று அனைவராலும் பேசப்பட்டது. மருத்துவ நோக்கில் தீர்ப்பின் உட்கருத்தும் அதற்கு இணையாகப் பேசப்பட்டிருக்க வேண்டும். புதிய படிக வடிவம் எளிதில் வழிந்தோடும், நிலைத்து நிற்கும், ஈரத்தை உறிஞ்சாது, எலிகளில் 30 விழுக்காடு கூடுதலாக உறிஞ்சப்படும் என்பன முன்வைக்கப்பட்டன. முதல் மூன்றும் நோயைக் குணப்படுத்தும் திறனோடு தொடர்பற்றவை என்றது நீதிமன்றம். கூடுதலாக உறிஞ்சப்படுவதால் நோய் தீர்க்கும் திறனும் கூடியது என்று தனியே மெய்ப்பிக்கப்பட வேண்டும். அது மெய்ப்பிக்கப்படவில்லை என்றது. ஒரு பன்னாட்டு நிறுவனத்திடம் கேட்கப்பட்ட இதே கேள்வியை மூலிகை மாத்திரை விற்பவரிடமும் கேட்க நமக்கு உரிமை உண்டு.

புதிய மருந்துக்கு ஏன் தேவை வந்தது?

இமாடினிப் உட்கொள்ளும் சிலருக்கு, நோய் சில ஆண்டுகள் அடங்கியிருந்து மீண்டும் தலைதூக்கும். ஏபிஎல் கைனேஸின் அமைப்பில் நேரும் திடீர்மாற்றங்கள் அதற்கு முக்கியக் காரணம். 315ஆம் இடத்திலுள்ள திரியோனின் என்னும் அமினோ அமிலம் ஐசோலூசினாக மாறினால், மருந்து அமரும் குழியின் வாயில் அடைபடுகிறது. இமாடினிப் மட்டுமன்றி, அடுத்து வந்த டாசடினிப், நிலோடினிப் ஆகியவையும் அதனிடம் தோற்றன. மாறிய கைனேஸையும் மறுசேர்க்கை முறையில் ஆக்கி, எது தடுக்கிறது என்று பார்ப்பது அதன்பின் எல்லா ஆய்வகங்களுக்கும் வழக்கமாயிற்று.

அசிமினிப் இக்குழியை நாடுவதில்லை. இயல்பான ஏபிஎல் புரதத்தில் ஒரு கொழுப்பமில வால் மடங்கி அமர்ந்து கைனேஸை அடக்கி வைக்கும் இன்னொரு சிறு பள்ளம் உண்டு. இணைவுப் புரதத்தில் அவ்வால் இல்லாததால் பள்ளம் வெறுமையாகக் கிடக்கிறது. அசிமினிப் அங்கே அமர்ந்து, இழந்த அடக்கத்தை மீட்டுத் தருகிறது. செயல் எவ்வளவு குறைகிறது என்று மட்டும் அளந்துகொண்டிராமல், சிறு மூலக்கூறுகள் புரதத்தில் எங்கெங்கு ஒட்டுகின்றன என்று அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு முறையில் தேடிய முயற்சியிலிருந்து பிறந்த மருந்து இது. 2021 அக்டோபரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

இத்தகைய மருந்தின் மீது வரி நீங்கியது வரவேற்கத்தக்கதே. ஆனால் அடிப்படை விலை மிக உயர்ந்திருக்கும் மருந்தில் 12 விழுக்காடு வரி நீங்கினாலும், எஞ்சும் விலை எளிய குடும்பங்களுக்கு எட்டாததாகவே இருக்கும். நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயாளிகள் பெரும்பாலோருக்கு முதற்சிகிச்சையாக இமாடினிப்பே போதுமானது. அது தேசிய இன்றியமையா மருந்துகள் பட்டியலிலும் உலக நல்வாழ்வு அமைப்பின் பட்டியலிலும் உள்ளது. புதிய மருந்தின் வரிவிலக்குச் செய்தியைக் கண்டு, தமக்குத் தரப்படுவது பழைய மருந்து, தரம் குறைந்தது என்று எவரும் மனம் தளர வேண்டியதில்லை.

நோயாளிகளும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

மாத்திரையை விடாமல் உட்கொள்வதன் விளைவு எவ்வளவு என்பதற்கு, 2010-இல் வெளியான ஓர் இலண்டன் ஆய்வு தெளிவான கணக்கைத் தருகிறது. பரிந்துரைத்த அளவில் 90 விழுக்காட்டுக்கு மேல் உட்கொண்டவர்களில் 94.5 விழுக்காட்டினர் ஆறாண்டுகளில் ஆழ்ந்த பயனை அடைந்தனர். 90 விழுக்காடோ அதற்குக் குறைவாகவோ உட்கொண்டவர்களில் 28.4 விழுக்காட்டினரே அடைந்தனர். மாதத்தில் மூன்று நாள் தவறினாலே இரண்டாம் வரிசைக்கு வந்துவிடுவோம்.

சிகிச்சையின் பயன், இணைவு மரபணுவின் அளவைக் காட்டும் இரத்தப் பரிசோதனையால் கண்காணிக்கப்படுகிறது. பன்னாட்டு அளவுகோலின்படி மூன்றாம் மாதத்தில் 10 விழுக்காடு, ஆறாம் மாதத்தில் 1 விழுக்காடு, ஓராண்டில் 0.1 விழுக்காடு ஆகிய அளவுகளுக்கு மேற்படாமல் குறைவது எதிர்பார்க்கப்படுகிறது. (பரிசோதனை அறிக்கைகளில் இணைவு மரபணுவின் பெயரான ‘பிசிஆர்-ஏபிஎல்’, பரிசோதனை முறையின் பெயரான ‘பிசிஆர்’ ஆகிய இரண்டும் தமிழில் ஒன்றுபோல் எழுதப்படும்; அவை வேறு வேறு.) இவ்வளவுகள் எட்டப்படவில்லை என்றால் முதலில் கேட்க வேண்டியது மாத்திரை தவறியதா என்பது. தவறவில்லை எனில், கைனேஸில் திடீர்மாற்றம் உள்ளதா என்று பார்க்கப்படும்.

நோய் முற்றிலும் அடங்கியபின் மருந்தை நிறுத்திப் பார்க்கும் முறை இருப்பது உண்மை. பல ஆண்டுகள் ஆழ்ந்த அடக்கத்தில் இருப்பவர்களுக்கு, அடிக்கடி இரத்தப் பரிசோதனை செய்யும் வசதியோடு, மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே அது செய்யப்படுகிறது. அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிலும் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு நோய் திரும்புகிறது. பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களுக்குள். மீண்டும் மாத்திரையைத் தொடங்கினால் அவர்களில் ஏறக்குறைய அனைவருக்கும் நோய் மறுபடி அடங்குகிறது. பரிசோதனையின்றித் தாமாக நிறுத்துபவருக்கு, நோய் திரும்பியது தெரியவே நாளாகும்.

இமாடினிப் கல்லீரலிலுள்ள நொதிகளால் சிதைக்கப்படுகிறது. அந்நொதிகளைத் தூண்டும் அல்லது தடுக்கும் பொருள்கள் மருந்தின் அளவை இரத்தத்தில் குறைக்கவோ கூட்டவோ செய்யும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் அதை வெகுவாகக் குறைப்பது நன்கறியப்பட்டது. ஆகவே பிற மருந்துகள், செறிவூட்டிய மூலிகை மாத்திரைகள், லேகியம், சூரணம் எதை உட்கொண்டாலும் மருத்துவரிடம் மறைக்காமல் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் மருத்துவர் சினங்கொள்வார் என்ற அச்சம் பலரிடம் உள்ளது. சினங்கொள்ளும் மருத்துவர் இருந்தால் அது அவர் திருத்திக்கொள்ள வேண்டிய பழக்கம்.

இறுதியாக, இணையத்தில் மனிதக் கைனேஸ் புரதம் விற்பனைக்கு என்று காணப்படும் குப்பிகளைப் பற்றி. இன்சுலினும் மஞ்சள் காமாலை ‘பி’ தடுப்பூசியும் மறுசேர்க்கைப் புரதங்கள்தாமே, இதை ஏன் செலுத்தக்கூடாது என்று கேட்கப்படுவதுண்டு. அவை மருந்துத் தரத்தில் ஆக்கப்பட்டு, நுண்ணுயிரி நச்சு நீக்கப்பட்டு, மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்றவை. ஆய்வுக் குப்பியில் ஈ.கோலியின் நச்சு எஞ்சியிருந்தால், ஊசி வழியே சென்றதும் கடுங்காய்ச்சலும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் ஏற்படலாம். கைனேஸ் வேலை செய்வது உயிரணுவின் உள்ளே. இரத்தத்தில் செலுத்தப்பட்ட புரதம் உள்ளே நுழைவதில்லை. நோய்க்குக் காரணமே கைனேஸின் மிகைச்செயல் என்னும்போது, அதையே உடலில் சேர்ப்பதில் பொருளும் இல்லை. நோயறியும் பரிசோதனைகளுக்கும் அதற்கென உரிமம் பெற்ற பொருள்களையே ஆய்வுக்கூடங்கள் பயன்படுத்த வேண்டும்.

கைனேஸ் தடுப்பு மாத்திரைகளால் கண்களைச் சுற்றி வீக்கம், தசைப்பிடிப்பு, குமட்டல், தோல் தடிப்பு போன்றவை தோன்றினால் மாத்திரையை நிறுத்தாமல் மருத்துவரை அணுகவும். மூச்சுத்திணறல், மஞ்சள் காமாலை, இரத்தக் கசிவு, திடீர் மார்புவலி ஆகியவற்றுக்கு உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கருவுற்றிருப்போரும் கருவுற விரும்புவோரும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். மருந்தின் பக்கவிளைவுகளை இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024-இல் நோயாளிகளே நேரடியாகப் பதிவு செய்யலாம்.